குளிர்கால டயருக்கு இரண்டாவது செட் சக்கரம்: வாங்கும் முன் அறிய வேண்டியவை

பாறசாலை, செங்கல், நெய்யாற்றின்கரை ஆகிய கேரள எல்லைப்பக்க ஊர்களிலிருந்தும், மார்த்தாண்டம், நாகர்கோவில் பக்கமிருந்தும், யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்து கனடாவில் குடியேறிய நம் குடும்பங்கள் எல்லாவற்றுக்கும் டயர் விஷயத்தில் ஒரு பொதுவான பழக்கம் உண்டு. ஊரில் ஒரு கார் அல்லது ஜீப் வாங்கினால் அதில் நான்கு டயர், பின்னால் ஒரு ஸ்டெப்னி, அவ்வளவுதான். இடவப்பாதி மழையானாலும் துலாவருஷ மழையானாலும் மேடம் மாத வெயிலானாலும் அதே டயர் உருளும். மொட்டையாகும்வரை உருளும். அங்கே வெப்பநிலை 20 டிகிரிக்குக் கீழே இறங்குவதே அபூர்வமாகையால் அந்தப் பழக்கத்தில் தவறில்லை. டயர் செய்ய வேண்டிய பெரிய வேலை, மழைநீரைத் தன் பள்ளங்களின் வழியே வெளியே தள்ளிவிட்டுச் சாலையைத் தொடுவதுதான்.

இங்கே நவம்பர் பிறந்ததும் கதை மாறுகிறது. குளிர்கால டயர் வேண்டும் என்பதை இப்போது பெரும்பாலானோர் ஒப்புக்கொள்கிறார்கள். அதற்கு அடுத்த கேள்வியில்தான் குழப்பம். குளிர்கால டயர்களைக் காரில் உள்ள சக்கரத்திலேயே வருடம் இரண்டு முறை கழற்றி மாட்டுவதா, அல்லது தனியே நான்கு ரிம் வாங்கி அவற்றில் நிரந்தரமாக மாட்டி வைத்துக்கொள்வதா? தனி ரிம் என்றால் எந்த ரிம்? நண்பர் தன் பழைய காரை விற்றுவிட்டு "ரிம் சும்மா கிடக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள்" என்று அன்போடு தருவதை வாங்கி மாட்டலாமா? இந்தக் கடைசிக் கேள்வியில்தான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. பொருந்தாத ரிம், ஓடும்போது கழன்று போகக்கூடியது. ஆகவே இதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

ஒரு சொல் விளக்கம் முதலில். நாம் 'வீல்' என்பதையும் 'டிஸ்க்' என்பதையும் ஈழத்து நண்பர்கள் 'சில்லு' என்கிறார்கள். நாம் 'டயர்' என்பது அவர்களுக்கு 'ரயர்'. இக்கட்டுரையில் டயர் மாட்டப்படும் உலோகப் பகுதியை 'ரிம்' என்றும், ரிம்மும் டயரும் சேர்ந்ததைச் 'சக்கரம்' என்றும் சொல்லப் போகிறேன்.

ரப்பர் ஏன் மனம் மாறுகிறது?

நம்மில் பலர் ரப்பர் மரத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள். வெள்ளறடை, குலசேகரம் பக்கத்துத் தோட்டங்களில் விடியற்காலையில் பால்வெட்டு நடப்பதையும், சிரட்டையில் சொட்டும் பாலில் ஆசிட் விட்டு உறையவைத்துச் சீட்டாக அடித்துப் புகைப்புரையில் காயவைப்பதையும் கண்டிருப்போம். அந்தச் சீட்டை அப்படியே டயராக்க முடியாது. வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் இந்தக் குறை பெருமளவு நீங்கும் என்று 1839-இல் சார்லஸ் குட்இயர் கண்டறிந்த பிறகுதான் ரப்பர் ஒரு தொழிற்பொருளாயிற்று. அப்படியும் குளிரில் விறைக்கும் குணம் முழுதாகப் போய்விடவில்லை.

கோடைக்கால டயரின் மேற்பட்டை, சூடான சாலையில் விரைவில் தேயாதபடி கலக்கப்பட்டது. வெப்பம் சுமார் 7 டிகிரி செல்சியசுக்குக் கீழே போனதும் அது இறுகத் தொடங்குகிறது. இறுகிய ரப்பர் சாலையின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் அமுங்கிப் பிடிக்காமல் அதன் மேல் வழுக்கிக்கொண்டு போகும். பனி பெய்ய வேண்டுமென்பதில்லை. காய்ந்த சாலையிலும் இது உண்மை. குளிர்கால டயரில் இயற்கை ரப்பரின் பங்கும் சிலிக்காவும் வேறு விகிதத்தில் சேர்க்கப்படுவதால் கடுங்குளிரிலும் அது நெகிழ்ந்தே இருக்கிறது. அதன் மேற்பட்டையில் கத்தியால் கீறியது போன்ற நூற்றுக்கணக்கான மெல்லிய வெட்டுகளைப் பார்க்கலாம். அவை உருளும்போது திறந்து மூடிப் பனியைக் கவ்வுகின்றன. இதே டயரை ஜூலை மாதத்தில் ஓட்டினால் மிகவும் மென்மையாகி, பென்சில் அழிக்கும் ரப்பரைப் போலத் தேய்ந்துவிடும். பிரேக் பிடித்தால் நிற்கும் தூரமும் கூடும். ஆகவே இரண்டு வகை டயர், வருடத்துக்கு இரண்டு மாற்றம்.

இந்த டயர்களுக்குத் தொண்ணூறு ஆண்டு வரலாறு இருக்கிறது. பின்லாந்தின் நோக்கியான் நிறுவனம் 1934-இல் லாரிகளுக்கும், 1936-இல் 'ஹக்கபெலித்தா' என்ற பெயரில் கார்களுக்கும் குளிர்கால டயர் செய்யத் தொடங்கியது. அந்தப் பெயரில் இன்றும் விற்கிறார்கள்.

வாங்கும்போது டயரின் பக்கவாட்டில் ஒரு சின்னத்தைத் தேடுங்கள். மூன்று சிகரமுள்ள மலை, அதற்குள் ஒரு பனித்துகள். பனியில் இழுவைச் சோதனை செய்து குறிப்பிட்ட அளவைத் தாண்டிய டயருக்கே இது உண்டு. 'எம் பிளஸ் எஸ்' என்ற எழுத்துகள் மட்டும் இருந்தால் போதாது. சேறுக்கும் பனிக்கும் ஏற்ற பள்ள அமைப்பு என்று தயாரிப்பாளர் சொல்வதே அது, சோதனைச் சான்றன்று.

சட்டம் என்ன சொல்கிறது?

கியூபெக் மாகாணம் 2008-ஆம் ஆண்டுக் குளிர்காலம் முதல் குளிர்கால டயரைக் கட்டாயமாக்கியது. முதலில் டிசம்பர் 15 முதல் மார்ச் 15 வரை என்று இருந்தது. 2019 முதல் டிசம்பர் 1-ஆம் தேதியே தொடங்கிவிடுகிறது. 2014 டிசம்பருக்குப் பிறகு மலைச் சின்னம் உள்ள டயரோ ஆணி பதித்த டயரோதான் அங்கே செல்லும். மீறினால் 200 முதல் 300 டாலர் வரை அபராதம், மேலே கட்டணங்கள் வேறு. இது கியூபெக்கில் பதிவான வண்டிகளுக்கான விதி. கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு டொராண்டோவிலிருந்து மாண்ட்ரியல் உறவினர் வீட்டுக்குப் போகிறவர்களைச் சட்டம் கட்டுப்படுத்தவில்லை என்றாலும், 401 நெடுஞ்சாலையில் கிங்ஸ்டன் தாண்டியதும் வீசும் பனிக்காற்று நம்பர் பிளேட்டைப் பார்த்து வீசுவதில்லை.

ஒன்டாரியோவில் கட்டாயமில்லை. ஆனால் 2016 ஜனவரி 1 முதல், நான்கு குளிர்கால டயர் போட்டவர்களுக்குக் காப்பீட்டு நிறுவனங்கள் கட்டணச் சலுகை தர வேண்டும் என்பது விதி. தொகை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். கேட்காதவர்களுக்குத் தானாக வருவது அபூர்வம். ரசீதை வைத்துக்கொண்டு தொலைபேசியில் கேளுங்கள். பிரிட்டிஷ் கொலம்பியாவில் மலைப்பாதைகளில் அக்டோபர் 1 முதல் உரிய டயர் வேண்டும்.

ஐரோப்பாவில் உள்ள நம் உறவினர்களுக்காகவும் ஒரு வார்த்தை. ஜெர்மனியில் தேதி கணக்கு கிடையாது. சாலையில் பனியோ உறைபனியோ இருந்தால் குளிர்கால டயர் இருந்தாக வேண்டும். 2024 அக்டோபர் முதல் அங்கும் மலைச் சின்னம் மட்டுமே செல்லும். சுவீடனில் குளிர்காலச் சாலைநிலை இருக்கும்போது டிசம்பர் 1 முதல் மார்ச் 31 வரை. நார்வேயில் குளிர்காலத்தில் டயர்ப் பள்ளத்தின் ஆழம் குறைந்தது 3 மில்லிமீட்டர். சுவிட்சர்லாந்தில் நேரடிக் கட்டாயம் இல்லை. விபத்து நடந்து கோடைக்கால டயர் என்று தெரியவந்தால் பொறுப்பு ஓட்டியவர் தலையில் விழலாம்.

தனி ரிம் லாபமா? ஒரு கணக்கு

டயரை ரிம்மிலிருந்து கழற்றி வேறு டயரை மாட்டி பேலன்ஸ் செய்யக் கடையில் ஒரு கூலி. ஏற்கெனவே ரிம்மில் மாட்டியிருக்கும் சக்கரத்தை நட்டுகளைக் கழற்றி மாற்றித் தர அதைவிடக் குறைந்த கூலி. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் ரிம்மின் விலையை மீட்டுத் தருகிறது.

கணக்குக்காக எண்களை வைத்துக்கொள்வோம். உங்கள் ஊர்க் கடையில் கேட்டு இவற்றை மாற்றிக்கொள்ளுங்கள். முதல் வகைக் கூலி நான்கு சக்கரத்துக்கு 120 டாலர், இரண்டாம் வகை 60 டாலர், இரும்பு ரிம் ஒன்று 80 டாலர் வீதம் நான்குக்கு 320 டாலர். புது டயரை முதன்முறை மாட்டும்போது எந்த ரிம்மானாலும் ஒரே கூலிதான், அதில் மிச்சமில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 60 டாலர் மிச்சம். 320 டாலரை மீட்க ஆறு மாற்றங்கள் வேண்டும். வருடத்துக்கு இரண்டு மாற்றம் என்பதால் மூன்று ஆண்டு. வீட்டு முற்றத்தில் நீங்களே மாற்றிக்கொண்டால் ஒவ்வொரு முறையும் 120 டாலர் மிச்சம். மூன்று மாற்றங்களில், அதாவது ஒன்றரை ஆண்டில், பணம் திரும்பிவிடும். நல்ல ஜாக்கிக்கும் முறுக்கு அளவு காட்டும் ஸ்பேனருக்கும் ஆகும் செலவைத் தனியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆகவே, ஒரு வருடத்தில் குத்தகை முடிந்து காரைத் திருப்பிக் கொடுக்கப் போகிறவர் தனி ரிம் வாங்குவது வீண். ஐந்தாறு வருடம் அதே காரை ஓட்டுகிறவருக்கு அது லாபம். நம்மவர்களில் பெரும்பாலோர் காரை எளிதில் மாற்றுவதில்லை. ஒரு கொரோலாவோ சிவிக்கோ வாங்கினால் பிள்ளை கல்லூரிக்குப் போகும்வரை ஓட்டுகிறவர்கள். அவர்களுக்குத் தனி ரிம்தான் என் சிபாரிசு. பணம் தவிர இன்னொரு காரணமும் உண்டு. டயரை ஒவ்வொரு முறை நெம்பிக் கழற்றும்போதும், ரிம்மோடு ஒட்டிக் காற்றைத் தாங்கும் அதன் விளிம்பு சற்றே பாதிக்கப்படுகிறது. டியூப்லெஸ் டயரில் அந்த விளிம்புதான் எல்லாம்.

பொருத்தம் பார்க்காமல் செய்யக் கூடாது

இனி பாடத்தின் மையப் பகுதி. ஒரு ரிம் உங்கள் காருக்குப் பொருந்துமா என்பதை "கண்ணால் பார்த்தால் ஒரே மாதிரி இருக்கிறது" என்று முடிவு செய்யக் கூடாது.

முதலாவது, துளை வட்டம். மெக்கானிக்குகள் பி.சி.டி. என்பார்கள். நட்டுத் துளைகளின் மையங்களை இணைத்து ஒரு வட்டம் வரைந்தால் அதன் விட்டம் எவ்வளவு என்பதே இது. கொரோலாவில் நெடுங்காலமாக 5 துளை, 100 மில்லிமீட்டர். கேம்ரியிலும், 2006-க்குப் பின் வந்த சாதாரண சிவிக்கிலும் 5 துளை, 114.3 மில்லிமீட்டர். அதாவது நாலரை அங்குலம். ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஐந்தாம் தலைமுறை முதல் 5 துளை, 112 மில்லிமீட்டர்.

நான்கு துளையுள்ள ரிம்மில் எதிரெதிர்த் துளைகளின் மையத்தை அளந்தால் போதும். ஐந்து துளையில் நேர் எதிர்த் துளை கிடையாது. அடுத்தடுத்த இரு துளைகளின் மையத் தூரத்தை அளந்து 0.588-ஆல் வகுக்க வேண்டும். தூரம் 58.8 வந்தால் வட்டம் 100. தூரம் 65.8 வந்தால் 112. தூரம் 67.2 வந்தால் 114.3. கடைசி இரண்டையும் பாருங்கள்: வித்தியாசம் ஒன்றரை மில்லிமீட்டர்கூட இல்லை! சாதாரண அளவுகோலில் இது தெரியவே தெரியாது. 112 ரிம்மை 114.3 காரில் வைத்து நட்டைச் சாய்வாக இழுத்து முறுக்கிவிடவும் முடியும். பார்வைக்கு உட்கார்ந்தது போல இருக்கும். ஆனால் ஸ்டட்டுகள் வளைந்தபடி அழுத்தத்தில் இருக்கும். நட்டு தன் இருக்கையில் முழுதாகப் பதியாது. சில நூறு கிலோமீட்டரில் தளரும், அல்லது ஸ்டட்டே முறியும். ஆகவே அளவுகோலை நம்பாமல் ரிம்மின் பின்பக்கம் பொறித்திருக்கும் அளவைப் படியுங்கள், அல்லது அது எந்தக் காரின் எந்த ஆண்டு ரிம் என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

இரண்டாவது, நடுத்துளை. காரின் ஹப்பில் நடுவே ஒரு வட்ட மேடு துருத்திக்கொண்டிருக்கும். ரிம்மின் நடுத்துளை அதன் மேல் சரியாக உட்கார்ந்து சக்கரத்தை மையப்படுத்துகிறது. கேம்ரியில் இது 60.1 மில்லிமீட்டர், சிவிக்கில் 64.1. துளை வட்டம் இரண்டுக்கும் ஒன்றே என்று நினைத்துக் கேம்ரி ரிம்மைச் சிவிக்கில் மாட்டப் போனால் உட்காராது, துளை சிறியது. சிவிக் ரிம்மைக் கேம்ரியில் மாட்டினால் உட்காரும், ஆனால் சுற்றிலும் 2 மில்லிமீட்டர் இடைவெளி. நெடுஞ்சாலை வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்குவதற்கு இதுவே முதல் காரணம். இடைவெளியை அடைக்க 64.1-க்கு 60.1 அளவில் ஹப் வளையம் விற்கிறார்கள். நான்கு வாங்கிப் போட்டால் சரியாகிவிடும்.

மூன்றாவது, நட்டின் இருக்கை. இதைத்தான் அதிகம் பேர் தவறவிடுகிறார்கள். ஹோண்டாவின் சொந்த ரிம்களில் நட்டின் அடிப்பகுதி உருண்டையாக இருக்கும். வெளிச்சந்தையில் விற்கும் பெரும்பாலான ரிம்களுக்குக் கூம்பு வடிவ நட்டு வேண்டும். பல டொயோட்டா அலாய் ரிம்களில் தட்டையான வாஷரோடு கூடிய நீண்ட நட்டு; அதே காரில் இரும்பு ரிம் போட்டால் கூம்பு நட்டு வேண்டும். உருண்டை நட்டைக் கூம்பு இருக்கையில் முறுக்கினால் அது மெல்லிய ஒரு வளையத்தில் மட்டும் தொடும். இறுகியது போலத் தோன்றி, பிறகு தளரும். ரிம் வாங்கும் போதே அதற்குரிய நட்டு எது என்று கேட்டு, தேவையானால் ஒரு செட் வாங்கிவிடுங்கள். பழைய நட்டைப் பத்திரப்படுத்துங்கள். ஏப்ரலில் அது வேண்டும். ஃபோக்ஸ்வாகன் போன்ற ஜெர்மன் கார்களில் ஸ்டட்டும் நட்டும் இல்லை, போல்ட்தான். அவற்றில் நீளமும் பார்க்க வேண்டும்.

நான்காவது, ஆஃப்செட். ரிம்மின் அகலத்தின் நடுக்கோட்டிலிருந்து அது ஹப்பில் பதியும் முகம் எத்தனை மில்லிமீட்டர் தள்ளியிருக்கிறது என்பதே இது. காரின் சொந்த ரிம்முக்கு 5 மில்லிமீட்டர் அளவுக்குள் இருந்தால் கவலையில்லை. மிகவும் குறைந்தால் சக்கரம் வெளியே துருத்தும். கூடினால் உள்ளே சஸ்பென்ஷனில் உரசும்.

சக்கரம் கழன்றால் என்ன ஆகும் என்பதை ஒன்டாரியோ மக்கள் மறக்கவில்லை. 1990-களின் நடுவில் லாரிச் சக்கரங்கள் நெடுஞ்சாலைகளில் கழன்று எதிரே வந்த கார்களில் மோதி உயிர்கள் போயின. அதன் பிறகு 1997-இல் மாகாண அரசு, வணிக வாகனத்தின் சக்கரம் கழன்றாலே குற்றம், எந்தச் சமாதானமும் செல்லாது என்று சட்டம் கொண்டுவந்து 50,000 டாலர் வரை அபராதம் விதித்தது. அது லாரிகளுக்கான சட்டம். ஆனால் காரின் சக்கரமும் வேகத்தில் கழன்றால் அது யார் வீட்டுப் பிள்ளை மேல் மோதும் என்று சொல்ல முடியாது.

பெரிய ரிம்மா, சிறிய ரிம்மா?

கோடையில் 17 அங்குல அலாய் சக்கரத்தில் அழகாக ஓடும் காருக்குக் குளிர்காலத்தில் 15 அல்லது 16 அங்குல ரிம் போடுவது பெரும்பாலும் நல்லது. டயர் விலை குறையும். அகலம் குறைந்த டயர் பனியின் மேல் மிதக்காமல் வெட்டிக்கொண்டு கீழே போய்ப் பிடிக்கும். பக்கச்சுவர் உயரமாக இருப்பதால் மார்ச் மாதத்துக் குழிகளில் விழுந்தாலும் ரிம் தப்பும்.

ஆனால் சக்கரத்தின் மொத்த விட்டம் மாறக் கூடாது. மாறினால் வேகமானி பொய் சொல்லும். கணக்கு எளிது. 215/45 ஆர் 17 என்ற டயரில் 215 என்பது மில்லிமீட்டரில் அகலம், 45 என்பது அந்த அகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு பக்கச்சுவர் உயரம், 17 என்பது ரிம்மின் அங்குலம். பக்கச்சுவர் 215-இல் 45 சதவீதம், 96.75. மேலும் கீழும் சேர்த்து 193.5. ரிம் 17 பெருக்கல் 25.4, அதாவது 431.8. மொத்தம் 625.3 மில்லிமீட்டர். இதே முறையில் 205/55 ஆர் 16 போட்டுப் பாருங்கள்: 631.9. 195/65 ஆர் 15 என்றால் 634.5. முதலுக்கும் கடைசிக்கும் வித்தியாசம் ஒன்றரை சதவீதமே. மூன்றும் ஒரே தலைமுறைக் கொரோலாவில் வெவ்வேறு ரகத்துக்கு நிறுவனமே போட்ட அளவுகள்தாம். வீட்டில் எட்டாம் வகுப்புப் பிள்ளை இருந்தால் இந்தக் கணக்கை அவரிடம் கொடுங்கள்.

சிறிய ரிம்மில் ஒரு தடை வரலாம். பெரிய பிரேக் டிஸ்க் உள்ள ரகத்தில் காலிப்பர் ரிம்மின் உட்பக்கம் இடிக்கும். ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்திலுள்ள ஸ்டிக்கரையும் கையேட்டையும் பார்த்து, உங்கள் ரகத்துக்கு மிகச் சிறிய அளவு எது என்று தெரிந்துகொள்ளுங்கள். டயரில் கடைசியாக வரும் எண்ணையும் எழுத்தையும் விட்டுவிடாதீர்கள். 91 என்றால் ஒரு டயர் 615 கிலோ தாங்கும். கார் கேட்கும் சுமை எண்ணுக்குக் கீழே வாங்கவே கூடாது. ஏழு பேர் ஏறும் வேன் வைத்திருப்பவர்கள் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். வேக எழுத்து டி என்றால் மணிக்கு 190 கிலோமீட்டர் வரை. கனடாச் சாலைக்கு இது தாராளம்.

இரும்பா அலாயா என்று கேட்டால், என் ஓட்டு இரும்புக்கு. அழகில்லை, துருப்பிடிக்கும். ஆனால் மலிவு, குழியில் அடிபட்டால் பெரும்பாலும் நசுங்குமே தவிர வெடிப்பு விடாது. சாலையில் கொட்டும் உப்பு நல்ல அலாயின் மெருகைத் தின்றுவிடுவதையும் சேர்த்துப் பாருங்கள்.

காற்று அழுத்த விளக்கு

புதிய கார்களில் டயரில் காற்று குறைந்தால் ஒரு மஞ்சள் விளக்கு எரியும். இது இரண்டு வகை. ஒன்றில் ஒவ்வொரு ரிம்முக்குள்ளும் வால்வோடு ஒரு உணரி இருக்கும். தனி ரிம் வாங்கினால் அதற்கும் நான்கு உணரி வாங்க வேண்டும், இல்லாவிட்டால் குளிர்காலம் முழுதும் விளக்கு எரிந்துகொண்டிருக்கும். உணரி 315, 433 மெகாஹெர்ட்ஸ் என்று இரு அலைவரிசைகளில் வருகிறது. உங்கள் காருக்கு எது என்று கேட்டு வாங்குங்கள். மற்ற வகையில் உணரியே இல்லை, ஏ.பி.எஸ். அமைப்பு சக்கரங்களின் வேகத்தை ஒப்பிட்டுக் கண்டுபிடிக்கும். பல ஹோண்டா, ஃபோக்ஸ்வாகன் கார்கள் இப்படி. அவற்றில் செலவில்லை, மாற்றியதும் ஒரு பட்டனை அழுத்தியோ திரையில் தேர்ந்தோ புதிதாகப் பழக்கினால் போதும். முன் சொன்ன கணக்கில் உணரி ஒன்று 50 டாலர் வீதம் 200 டாலர் சேர்த்தால், முதலை மீட்க மூன்று ஆண்டுக்குப் பதில் நாலரை ஆண்டு ஆகும். ஐரோப்பாவில் 2014 நவம்பர் முதல் விற்பனையான புதுக் கார்களில் இந்த இரண்டில் ஒரு வகை அமைப்பு கட்டாயம்.

உணரி இருந்தாலும் இல்லாவிட்டாலும் மாதம் ஒரு முறை கையால் அளவு பாருங்கள். 20 டிகிரி கராஜில் 33 பி.எஸ்.ஐ. நிரப்பிய டயர், வெளியே மைனஸ் 15 டிகிரியில் ஏறக்குறைய 27-க்கு இறங்கிவிடும். ஓட்டை ஒன்றுமில்லை, குளிரில் காற்று சுருங்குகிறது.

பழைய செட் வாங்குகிறவர்களுக்கு

புதிதாக வந்த குடும்பங்களுக்குப் பயன்படுத்திய டயரும் ரிம்மும் சேர்ந்த செட் ஒரு வரப்பிரசாதம்தான். டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 3823 என்றால் 2023-ஆம் ஆண்டின் 38-ஆவது வாரம் செய்தது. பள்ளம் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் பத்து வருடப் பழைய ரப்பர் இறுகியிருக்கும், வாங்காதீர்கள். பள்ளத்தின் ஆழம் 4 மில்லிமீட்டருக்குக் கீழே போயிருந்தால் பனியில் பயன் குறைவு. ரிம்மை நட்டுத் துளைகளைச் சுற்றி வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள், முடிக்கோடு போன்ற வெடிப்பு இருக்கிறதா என்று. இருந்தால் இலவசமாகத் தந்தாலும் வேண்டாம்.

"இரண்டு மட்டும் போதும், முன் சக்கரம்தானே இழுக்கிறது" என்று விற்பவர் சொன்னால் நம்பாதீர்கள். முன்னே பிடிப்பும் பின்னே வழுக்கலுமாக இருந்தால், வளைவில் பிரேக் பிடிக்கும்போது காரின் பின்பக்கம் முன்னால் வந்துவிடும். நான்கும் ஒரே ரகம், ஒரே அளவு. நான்கு சக்கர இழுவை உள்ள பெரிய வண்டிக்கும் இது பொருந்தும். அந்த இழுவை புறப்பட உதவும், நிறுத்த உதவாது.

அடுக்குமாடியில் இருப்பவர்கள் நான்கு சக்கரத்தை எங்கே வைப்பது? பால்கனியில் வைக்கப் பல கட்டடங்களில் அனுமதியில்லை. சில டயர்க் கடைகள் பருவத்துக்கு ஒரு தொகை வாங்கிக்கொண்டு பாதுகாத்துத் தருகின்றன. அதுவும் முடியாதவர்கள், நகருக்குள் மட்டும் ஓட்டுபவர்களானால், மலைச் சின்னத்தோடு வரும் ஆண்டு முழுதுக்குமான டயரை யோசிக்கலாம். கியூபெக் சட்டத்துக்கும் அது செல்லும். கடுங்குளிரில் தனிக் குளிர்கால டயருக்கு அது ஈடாகாது என்றாலும், சாதாரண 'எல்லாப் பருவ' டயரைவிடப் பல மடங்கு மேல்.

மாட்டும் நாள்

வெப்பம் தொடர்ந்து 7 டிகிரிக்குக் கீழே இறங்கும் முன்பே மாற்றிவிடுங்கள். முதல் பனி விழுந்த மறுநாள் கடையில் வரிசை நீளும். வீட்டில் மாற்றுகிறவர்கள் சமதளத்தில் கை பிரேக் போட்டு, ஒரு சக்கரத்துக்குக் குறுக்கே கல் வைத்துவிட்டு, நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே அரைத் திருப்பம் தளர்த்திய பிறகு ஜாக்கியில் தூக்க வேண்டும். ஹப்பின் முகத்தில் படிந்த துருவைக் கம்பித் தூரிகையால் தேயுங்கள். அந்தத் துரு நடுவில் சிக்கினால் பிறகு பொடிந்து நட்டு தளரும். ஸ்டட் மரையில் எண்ணெயோ கிரீசோ பூசாதீர்கள். பூசினால் ஸ்பேனர் காட்டும் அளவு தவறாகும். நட்டுகளை வரிசையாக அல்லாமல் நட்சத்திரம் வரைவது போல எதிரெதிராக முறுக்குங்கள். கொரோலாவுக்கு 103 நியூட்டன் மீட்டர், அதாவது 76 அடி-பவுண்டு. சிவிக்குக்கு 108, அதாவது 80 அடி-பவுண்டு. மற்ற கார்களுக்குக் கையேட்டில் இருக்கும். டயரில் அம்புக்குறி இருந்தால் அது முன்னோக்கி உருளும் திசை.

80 முதல் 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு அதே ஸ்பேனரால் ஒரு முறை நட்டுகளைச் சோதியுங்கள். கடையில் மாற்றினாலும் இதைச் செய்யத்தான் வேண்டும். நல்ல கடையில் திரும்ப வரச் சொல்லி இலவசமாகவே பார்த்துத் தருவார்கள்.

கழற்றிய சக்கரங்களைக் கழுவிக் காயவைத்து, ஒவ்வொன்றின் உட்பக்கமும் சாக்பீசால் 'முன் இடது', 'பின் வலது' என்று எழுதி, வெயில் படாத இடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கவைத்து அடுக்குங்கள். ரிம் இல்லாத வெறும் டயரானால் அடுக்காமல் நிமிர்த்தி வைக்க வேண்டும். கோடைக்கால நட்டுகளை ஒரு பையில் போட்டு, அந்த அடுக்கின் நடுத்துளையிலேயே போட்டுவையுங்கள்.